சோதனைக்கு முந்தைய ஐந்து மணி நேரம்

"சோதனை வரும்போது என்ன செய்வது?" என்று கேட்டால் சபைகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில், "ஜெபம் பண்ணுங்கள்." பதிலில் தவறில்லை. ஆனால் இரவு 11 மணிக்கு, சாத்திய அறைக்குள், போன் கையில் இருக்கும்போது ஜெபிக்கலாம் என்ற நினைப்பே பலருக்கு வராது. வந்தாலும் மனம் ஒத்துழைக்காது. கெத்செமனேயில் இயேசு சீஷர்களிடம் சொன்னது, "நீங்கள் சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" (மத்தேயு 26:41). உட்பட்ட பிறகு அல்ல, உட்படாதபடிக்கு. பேதுரு அந்த நேரத்தைத் தூங்கிக் கழித்தான். சில மணி நேரத்தில் ஒரு வேலைக்காரி கேட்ட கேள்விக்கே தடுமாறிப்போனான்.

அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி, சோதனைக்கு முந்தைய மணி நேரங்களைப் பற்றியது. இரவில் தனியாக ஆபாசப் படம் பார்க்கும் பழக்கத்தை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். விசுவாசிகள் அதிகம் மறைப்பதும், போதகரிடம் கேட்கத் தயங்குவதும் அதுதான். குடி, கோபம், புறங்கூறல், பணம் ஆகியவற்றுக்கும் முறை இதுவே. விவரங்கள் மட்டும் மாறும்.

ஒரே சொல், இரண்டு பொருள்

தமிழ் வேதாகமத்தில் "தேவன் ஆபிரகாமைச் சோதித்தார்" என்று ஆதியாகமம் 22:1 சொல்கிறது. "ஒருவனையும் அவர் சோதிக்கிறவருமல்ல" என்று யாக்கோபு 1:13 சொல்கிறது. முரண்பாடு இல்லை. துன்பத்தின் வழியாக விசுவாசம் பரீட்சிக்கப்படுவதும், பாவத்தை நோக்கி இழுக்கப்படுவதும் தமிழில் ஒரே சொல்லாகிவிட்டன. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்திலும் இதே நிலைதான்.

இந்த வேறுபாடு நடைமுறையில் முக்கியம். வேலை போனது ஒரு பரீட்சை. அதற்குத் தேவை பொறுமை. வேலை போன வருத்தத்தில் குடிக்கத் தோன்றுவது இழுப்பு. அதற்குத் தேவை விலகல். இரண்டும் ஒரே நாளில் சேர்ந்து வரும். "தேவன் என்னைச் சோதிக்கிறார், நான் தாங்கிக் காட்டுவேன்" என்று பழைய கூட்டாளிகளோடு பாட்டில் வைத்த மேஜையில் போய் உட்காருகிறவர், விலக வேண்டிய இடத்தில் பொறுமை காட்டுகிறார். அந்த மேஜையில் அது நெடுநேரம் நிற்காது.

பாவம் எந்தப் படியில் தொடங்குகிறது

ஹிப்போ நகரத்து ஆயராக இருந்த அகுஸ்தீன் (354–430) மூன்று படிகள் சொன்னார்: தூண்டுதல், அதில் ருசி, பிறகு சம்மதம். ஒரு படமோ நினைப்போ மனதில் வந்து மோதுவது தூண்டுதல். அது பாவமல்ல, இயேசுவுக்கும் தூண்டுதல் வந்தது. அதைப் பிடித்து வைத்துச் சுவைக்கத் தொடங்குவது இரண்டாம் படி. "சரி" என்று உள்ளே முடிவெடுப்பது மூன்றாம் படி. கை அதன் பிறகுதான் அசையும்.

இதில் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. சிலர் தூண்டுதல் வந்ததுமே "விழுந்துவிட்டேன்" என்று கணக்கு எழுதிவிடுகிறார்கள். பிறகு "எப்படியும் விழுந்தாயிற்று, இனி என்ன" என்று மிச்சத்தையும் செய்துவிடுகிறார்கள். முதல் வகைக்காரர்கள் பெரும்பாலும் மென்மையான மனசாட்சி உள்ளவர்கள். அவர்களிடம் கடுமையாகப் பிரசங்கிப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது. இன்னும் சிலர் இரண்டாம் படியில் மணிக்கணக்கில் உட்கார்ந்துகொண்டு "இன்னும் எதுவும் செய்யவில்லையே" என்கிறார்கள்.

யாக்கோபு 1:14 "சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு" என்று சொல்லும் இடத்தில், சிக்குண்டு என்பதற்கான கிரேக்க வினை இரையைக் காட்டிப் பிடிப்பதைக் குறிக்கும் சொல். தூண்டில் போடத் தெரிந்தவர் விராலுக்குத் தவளையைக் கோர்ப்பார். கெண்டைக்கு மாவு உருண்டையை வைப்பார். உங்களுக்கு எந்த இரை போடப்படுகிறது என்பது பக்கத்து வீட்டு விசுவாசிக்குப் போடப்படும் இரையைப் பார்த்துத் தெரியாது. ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பு.

ஏழு நாள் கணக்கு

கோடு போட்ட ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். போனில் எழுத வேண்டாம். எழுதப்போகிற சாக்கில் போன் கைக்கு வந்துவிடும். ஏழு நாள், இழுப்பு வந்த ஒவ்வொரு முறையும் நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: மணி, இடம், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் நடந்தது, உடம்பின் நிலை (பசி, தூக்கக் குறைவு, தலைவலி, காய்ச்சல் என்று எதுவானாலும்). பாவத்தை விவரித்து எழுதாதீர்கள். ஒரு எழுத்தோ புள்ளியோ போதும். எழுதும்போதே மறுபடி அதைச் சுவைக்கிற ஆபத்து உண்டு.

விழுந்த நேரங்களை மட்டும் எழுதுவதுதான் இதில் நடக்கும் பெரிய பிழை. இழுப்பு வந்து, விழாமல் தப்பிய நேரங்களையும் எழுதுங்கள். எது உங்களைக் காப்பாற்றியது என்பது அதில்தான் தெரியும். மனைவி கூப்பிட்டதாக இருக்கலாம், கரண்ட் போனதாக இருக்கலாம். இன்னொரு பிழை, மூன்றாவது கட்டத்தில் "மனம் சரியில்லை" என்று எழுதிவிட்டு நகர்வது. "மேனேஜர் எல்லார் முன்னாலும் திட்டினார்", "அண்ணன் சொத்து விஷயமாகப் போன் செய்தான்", "சாப்பிடாமல் பஸ் ஏறினேன்" என்று நடந்ததை எழுதுங்கள்.

ஏழாம் நாள் மாலை நோட்டைத் திறந்து, திரும்பத் திரும்ப வருவதை வட்டமிடுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நேரங்களும் ஒன்றிரண்டு காரணங்களும்தான் மீண்டும் மீண்டும் நிற்கும். இரவு 11 மணி விழுகைக்கு மாலை 6 மணி அவமானம் காரணமாக இருப்பதைப் பலர் இந்தத் தாளில்தான் முதல்முறை பார்க்கிறார்கள். அப்போது வேலை எங்கே என்பதும் தெரிந்துவிடும். வீடு திரும்பியதும் அந்த அவமானத்தை ஒருவரிடம் சொல்லி, தேவனிடமும் சொல்லி, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் 11 மணிக்கு வரும் இழுப்பின் பாதி பலம் அங்கேயே இறங்கிவிடும்.

எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி 4ஆம் நூற்றாண்டிலேயே இந்த மாதிரிக் கணக்கு வைத்திருந்தார். சோர்வு என்னும் தீய எண்ணம் காலை 10 மணி போலத் தொடங்கிப் பிற்பகல் 2 மணி வரை தாக்கும் என்கிறார். துறவி வெளியே வந்து சூரியனைப் பார்ப்பானாம், சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று. ஆபீசில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் போனைத் தடவுகிறவர்களுக்கு இது புதிய விஷயமல்ல.

வழியை அடைப்பது

யோசேப்பின் கதையில் எல்லோரும் அவன் ஓடிய காட்சியையே சொல்வார்கள். அதற்கு இரண்டு வசனம் முன்னால் ஒரு விவரம் இருக்கிறது. எஜமான் போத்திபாரின் மனைவி நித்தம் நித்தம் பேசியும், அவளோடு சயனிக்க மட்டுமல்ல, "அவளுடனே இருக்கவும்" அவன் சம்மதிக்கவில்லை (ஆதியாகமம் 39:10). ஓடியது கடைசி நாள். அதற்கு முன் பல நாள் அவன் அந்த அறைப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறான். நீதிமொழிகள் 5:8 சொல்வதும் இதையே: வீட்டுக்குள் போகாதே என்றல்ல, வாசலைக் கிட்டிச்சேராதே என்று.

போனுக்கு இதை எப்படிச் செய்வது? சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்து ஹாலில் மாட்டுங்கள். இரவு 9.30க்குப் போன் அங்கே போக வேண்டும். அலாரத்துக்கு ஒரு சாதாரண கடிகாரம் வாங்குங்கள். "அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைக்கிறேன்" என்பது அதிகம் கேட்கும் சாக்கு. வீட்டு வைஃபை ரூட்டரின் செட்டிங்கில் டிஎன்எஸ் எண்ணை (தளங்களின் முகவரியைத் தேடித் தரும் சேவையின் எண்) 1.1.1.3 என்றும், இரண்டாவது இடத்தில் 1.0.0.3 என்றும் மாற்றினால், ஆபாசத் தளங்களில் பெரும்பாலானவை வீடு முழுக்கத் திறக்காது. இது கிளவுட்ஃபிளேர் நிறுவனம் குடும்பங்களுக்காக இலவசமாகத் தருவது. ஐபோனில் ஸ்க்ரீன் டைம் பகுதியில் வயதுவந்தோர் தளங்களைத் தடுக்கலாம். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியில் செயலிகளுக்கு நேர வரம்பு வைக்கலாம்.

இவை தோற்கும் இடங்களும் தெரிந்திருக்க வேண்டும். ரூட்டர் தடுப்பு மொபைல் டேட்டாவில் வேலை செய்யாது. இன்ஸ்டாகிராம், டெலிகிராம் போன்ற செயலிகளுக்குள் வருவதையும் தடுக்காது. அங்கிருந்துதான் இழுப்பு தொடங்குகிறது என்றால் செயலியையே நீக்க வேண்டும். இணையத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் செயலி போட்டால் ரூட்டர் தடுப்பு வீண். ஸ்க்ரீன் டைம் கடவு எண்ணை நீங்களே வைத்தால் இரண்டே நிமிடத்தில் நீங்களே திறந்துவிடுவீர்கள். அதை மனைவியோ கணவரோ நண்பரோ உங்களுக்குத் தெரியாமல் அடித்து வைக்கட்டும். எந்தத் தடுப்பும் மதில்சுவர் அல்ல, வேகத்தடை என்று நினைத்துக்கொள்ளுங்கள். யோசிக்க ஒரு நிமிடம் கிடைத்தாலே அதன் வேலை முடிந்தது.

மற்றவற்றுக்குச் சுருக்கமாக. குடி என்றால் சம்பள நாளில் கையில் ரொக்கம் இருக்கக் கூடாது. வீடு திரும்பும் வழியில் கடை இருந்தால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வேறு தெருவில் நடங்கள். சபைப் பணத்தைக் கையாள்பவர் தனியாகக் காணிக்கை எண்ணக் கூடாது. இருவர் எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, மறுநாளே வங்கியில் கட்டிவிட வேண்டும். "அவசரத்துக்கு எடுத்து அடுத்த வாரம் வைத்துவிடலாம்" என்ற நினைப்பு, பணம் வீட்டு பீரோவில் இருக்கும்போதுதான் வரும். புறங்கூறலுக்கு ஒரு குறிப்பிட்ட வாக்கியத்தையே கவனியுங்கள்: "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்." அப்படித் தொடங்கும் பேச்சில் பாதி ஜெபத்துக்கானதாக இருப்பதில்லை. "அப்போ இப்பவே ஜெபிக்கலாம், விவரம் வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

எல்லாச் சோதனையிலும் ஓட முடியாது. "வேசித்தனத்திற்கு விலகியோடுங்கள்" என்கிற பவுல், "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்" என்கிற யாக்கோபோடு சண்டை போடவில்லை. உடல் இச்சைக்கும் குடிக்கும் ஓட்டம். பயம், கசப்பு, அவிசுவாசம் போன்றவை நீங்கள் போகும் இடமெல்லாம் கூடவே வரும். அவற்றுக்கு நின்று பதில் சொல்ல வேண்டும்.

பதில் வசனம்: ஒன்று, சரியானது

வனாந்தரத்தில் 40 நாள் உபவாசத்துக்குப் பிறகு வந்த மூன்று சோதனைகளுக்கும் இயேசு பதில் எடுத்தது உபாகமத்தின் 6, 8 ஆகிய இரண்டே அதிகாரங்களிலிருந்து. பசியைத் தொட்டுச் சோதனை வந்தபோது அப்பத்தைப் பற்றிய வசனம் (8:3). தேவனைச் சோதித்துப் பார்க்கச் சொன்னபோது அதைத் தடுக்கும் வசனம் (6:16). பணிந்துகொள்ளச் சொன்னபோது யாரைப் பணிவது என்ற வசனம் (6:13). பொதுவான ஆறுதல் வசனம் ஒன்றுகூட இல்லை. பிசாசு எடுத்ததுதான் ஆறுதல் வசனம், 91ஆம் சங்கீதத்திலிருந்து.

ஆகவே உங்கள் நோட்டில் வட்டமிட்ட காரணத்துக்கு நேராகப் பேசும் ஒரே ஒரு வசனத்தைத் தேர்ந்தெடுங்கள். கண்ணின் இச்சைக்கு யோபு 31:1. கோபத்துக்கு யாக்கோபு 1:19-20. பண ஆசைக்கு எபிரெயர் 13:5. லஞ்சம் நீட்டப்படும் நாற்காலியில் இருப்பவருக்கு யாத்திராகமம் 23:8. நாக்குக்கு எபேசியர் 4:29. தனிமையால் விழுகிறவருக்கு இச்சை பற்றிய வசனத்தைவிட, கைவிடமாட்டேன் என்று சொல்லும் எபிரெயர் 13:5இன் பிற்பகுதி அதிகம் உதவும். காரணத்துக்குப் பதில் சொல்லுங்கள், அறிகுறிக்கு அல்ல.

மனப்பாடம் செய்யும் முறை: கையால் ஒரு அட்டையில் எழுதுங்கள். ஒரு வாரம் காலை 5 முறை, இரவு 5 முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு சோதனை வரும் அந்த இடத்திலேயே, இழுப்பு இல்லாத நேரத்தில், நின்று சொல்லிப் பழகுங்கள். பலர் கோவிலில் மட்டும் சொல்லிப் பழகுகிறார்கள்; தேவைப்படும் இடத்தில் வசனம் நாக்கில் வருவதில்லை. பத்து வசனங்களை ஒரே வாரத்தில் பிடிக்கப் பார்ப்பதும் வேலைக்காகாது.

இழுப்பு வந்துவிட்ட பிறகு

எவ்வளவு தயாரித்தாலும் வரும். அப்போது செய்ய வேண்டியது சிறியது, உடனடியானது. முதலில் இடம் மாறுங்கள்: எழுந்து நில்லுங்கள், விளக்கைப் போடுங்கள், கதவைத் திறந்து ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். படுத்துக்கொண்டே போராடாதீர்கள். பிறகு வசனத்தை வாய்விட்டுச் சொல்லி, ஒரு வரியில் ஜெபியுங்கள்: "ஆண்டவரே, இது எனக்கு வேண்டும்போல் இருக்கிறது; உதவி செய்யும்." இழுப்பு இல்லாததுபோல் நடித்து ஜெபிக்கும் நீண்ட ஜெபம் இந்த நேரத்தில் உதவாது. பிறகு 20 நிமிடம் கைக்கு வேலை கொடுங்கள்: பாத்திரம் கழுவுதல், நடை, குளியல். எந்த இழுப்பும் உச்சத்திலேயே நிற்காது, ஏறும், இறங்கும். இறங்கும்வரை கையும் காலும் வேறு இடத்தில் இருந்தால் போதும்.

1 கொரிந்தியர் 10:13 சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும் "போக்கையும்" தேவன் உண்டாக்குவார் என்கிறது. அந்தப் போக்கு பெரும்பாலும் அற்பமான ஒரு குறுக்கீடாக வரும். தாவீது உப்பரிகையிலிருந்து, குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தான். அவள் யாரென்று விசாரித்தான். வந்த பதிலிலேயே "உரியாவின் மனைவி" என்ற சொல் இருந்தது (2 சாமுவேல் 11:3). அதுதான் கதவு. அவன் அதைத் தாண்டிப் போய் ஆள் அனுப்பினான். உங்களுக்கு அது பிள்ளையின் இருமலாக இருக்கலாம், பேட்டரி தீர்ந்துபோனதாக இருக்கலாம். சார்ஜரைத் தேடாதீர்கள்.

ஒரே ஒரு ஆள்

இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் (1491–1556) சோதனைக்காரனை ரகசியக் காதலனுக்கு ஒப்பிட்டார். பெண்ணின் தகப்பனுக்குத் தெரிந்துவிட்டால் அவன் வேலை முடிந்தது. மறைத்து வைக்கும் வரைதான் சோதனைக்குப் பலம்.

யாரிடம் சொல்வது என்பதில் கவனம் வேண்டும். உங்களைவிட விசுவாசத்தில் முதிர்ந்தவர், அதே பாலினத்தவர், வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவர், அதிர்ச்சியடையாதவர். இதே பழக்கத்தில் இன்னும் சிக்கியிருக்கும் நண்பர் வேண்டாம்; இருவரும் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டே விழுவீர்கள். கத்தோலிக்கருக்குப் பாவசங்கீர்த்தனம் உண்டு. ரகசியம் காக்கும் கடமை குருவானவருக்கு இருக்கிறது. மற்றச் சபைகளில், குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16ஐப் பிடித்துக்கொண்டு ஆளைத் தேட வேண்டும். சாட்சி நேரத்தில் எல்லார் முன்னாலும் அறிக்கையிடும்படி ஒருவரை வற்புறுத்துவது நல்லதல்ல. மறுவாரமே அது தெருப் பேச்சாகும், அவரும் சபைக்கு வருவதை நிறுத்துவார்.

வாரம் ஒருமுறை, 15 நிமிடம், நேரில். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "கர்த்தர் நடத்துகிறார்" என்று பதில் வரும். அதனால் கேள்வி நேராக இருக்கட்டும்: இந்த வாரம் எத்தனை முறை இழுப்பு வந்தது? எத்தனை முறை விழுந்தீர்கள்? போன் எங்கே தூங்கியது? இப்போது என்னிடம் ஏதாவது மறைத்தீர்களா?

விழுந்துவிட்டால்

முதல் ஒரு மணி நேரம் முக்கியம். வெட்கத்தில் ஒளிந்துகொள்வதும், அந்த வெட்கத்தை மறக்க மறுபடி அதையே செய்வதும் அப்போதுதான் நடக்கிறது. 1 யோவான் 1:9ஐ வாசித்து, செய்ததைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். "பலவீனம்", "தவறு" போன்ற மூடுசொற்கள் வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த ஒரே ஆளுக்குச் செய்தி அனுப்புங்கள். முகம் கழுவித் தூங்குங்கள். "இனி ஒரு மாதம் பரிசுத்தமாக இருந்துவிட்டுத்தான் திருவிருந்தில் கை நீட்டுவேன்" என்று நீங்களாகவே தண்டனை போட்டுக்கொள்ளாதீர்கள். அதைப் போதகரிடம் பேசித் தீர்மானியுங்கள்.

உபவாசம் பற்றி ஒரு எச்சரிக்கை. நோட்டில் "பசி" என்று அடிக்கடி எழுதியவர்களுக்கு உபவாசம் கோபத்தைக் கூட்டும். வழக்குக்கும் வாதுக்கும் உபவாசிக்கிறவர்களை ஏசாயா 58 கடிந்துகொள்கிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசிக்கக் கூடாது. தினமும் அதிகம் குடித்துப் பழகியவர் ஜெபக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்து ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை முதலில் மருத்துவமனையின் குடிநோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். சோர்ந்துபோய்ச் சாக விரும்பிய எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது பிரசங்கமல்ல. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும், மறுபடி தூங்க நேரமும் (1 இராஜாக்கள் 19).

ஏழு நாள் கணக்கு முடிந்த பின், இஞ்ஞாசியாரின் முறைக்கு மாறலாம். அவர் ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு தாளில் நாளுக்கு இரண்டு கோடுகள் வீதம் ஏழு ஜோடி போடுங்கள். காலையில் எழுந்ததும் அந்தக் குறைக்கு எதிராகத் தீர்மானம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் மணிக்கு மணி நினைத்துப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு முறைக்கும் முதல் கோட்டில் ஒரு புள்ளி. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மிச்ச நேரத்துக்கு இரண்டாம் கோட்டில் புள்ளிகள். விழுந்த அந்தக் கணத்தில், ஆட்கள் நடுவே இருந்தாலும் யாருக்கும் தெரியாமல் மார்பில் கை வைத்து வருந்தச் சொல்கிறார். இரவில் இரண்டாம் கோட்டை முதல் கோட்டோடும், இன்றைய நாளை நேற்றோடும், ஞாயிறு மாலை இந்த வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிடுங்கள். புள்ளிகள் கூடியிருந்தால் புதிதாகப் பத்துத் தீர்மானம் எடுக்காமல், நோட்டின் மூன்றாவது கட்டத்துக்குத் திரும்புங்கள். அந்த முந்தைய ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றி, புதிய தாளில் மறுபடி ஏழு ஜோடிக் கோடுகள் போடுங்கள்.